ஒரே டேங்க்ல காமெட், ஒராண்டா, பிளாக் மூர், பேர்ல்ஸ்கேல்: யாருக்கு எப்படி சாப்பாடு போடுறது?

புதுத்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். கோல்டு ஃபிஷ் வளர்க்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது, இதுவரைக்கும் இங்க வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போயிட்டிருந்தேன், இன்னைக்கு வேற வழியில்லாம கேக்குறேன். 200 லிட்டர் டேங்க், உள்ள காமெட் ரெண்டு, ஒராண்டா ஒண்ணு, பிளாக் மூர் ஒண்ணு, பேர்ல்ஸ்கேல் ஒண்ணு. வாங்குறப்ப எல்லாமே கோல்டு ஃபிஷ் தானே ஒரே டப்பா சாப்பாடு போதும்னு சொன்னாங்க, நானும் மிதக்கிற பெல்லட் ஒரு டப்பா வாங்கி காலையில ஒரு தடவை ராத்திரி ஒரு தடவைன்னு போட்டுட்டு வர்றேன்.

இப்ப என்ன ஆகுதுன்னா, மேல போட்ட அடுத்த நொடியே காமெட் ரெண்டும் பாய்ஞ்சு வந்து பாதியக் காலி பண்ணிடுது. ஒராண்டா ஆடி அசைஞ்சு வந்து மிச்சத்துல கொஞ்சம் சாப்பிடும். பிளாக் மூர் தான் பாவம், பெல்லட் மூஞ்சிக்கு முன்னாடியே மிதக்கும், இது பக்கத்துல வாயத் தொறந்து தொறந்து மூடும், ஒண்ணும் மாட்டாது, கடைசியில கீழ போய் கல்ல நோண்டிட்டிருக்கும். அதப் பாத்தா மனசு கேக்காம இன்னும் நாலு பெல்லட் போடுவேன், அதையும் காமெட் வந்து முழுங்கிட்டுப் போயிடும்.

பேர்ல்ஸ்கேல் கதை தனி. சாப்பிட்டு அரைமணி நேரத்துல வால் பக்கம் மேல தூக்க ஆரம்பிச்சு அப்புறம் அப்படியே தலைகீழா தொங்கும், கொஞ்ச நேரம் போராடிட்டு சரியாகும், போன வாரத்துல இருந்து சரியாகவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகுது. பட்டாணி குடுங்கன்னு படிச்சேன், தோல் உரிச்சு குடுத்தேன், ஆசையா சாப்பிட்டுட்டு மறுபடி தலைகீழா நிக்குது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி சாப்பாடு வாங்கணுமா? இல்ல போடுற விதம் தப்பா?

மீன்கிறுக்கன்:

வாங்க சகோ. டப்பா மேல படம் வேற வேறயா இருந்தாலும் உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால வகைக்கு ஒரு டப்பா வாங்கி அடுக்க வேண்டாம். போடுற விதம் தான் மாறணும், அது ஏன்னு புரிஞ்சுட்டா மிச்சத்த நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

தங்கமீனுக்கு நம்மள மாதிரி இரைப்பைன்னு ஒண்ணு கிடையாது. வாயில போனது தொண்டைக்குள்ள இருக்கிற பல்லுல அரைபட்டு நேரா குடலுக்குப் போயிடும், சேத்து வச்சு மெதுவா செரிக்க இடமே இல்ல. அதான் எப்பப் பாத்தாலும் பசிக்குதுன்னு கண்ணாடிகிட்ட வந்து பிச்சை கேக்கும், அத நம்பிப் போட்டுட்டே இருந்தா நாம தான் முட்டாள். சின்னச் சின்னதா, அடிக்கடி, கொஞ்சமா மேயுற உயிரு அது.

காமெட், ஷுபங்கின், சாதாரண தங்கமீன் இதெல்லாம் நீளமான உடம்பு. குடல் நீட்டா சௌகரியமா இருக்கும், வேகமா நீந்தும், எதப் போட்டாலும் தாங்கும். ஒராண்டா, ரியுகின், ரான்சு, பேர்ல்ஸ்கேல் எல்லாம் உருண்டை உடம்பு, அதே உறுப்பெல்லாம் பாதி நீளத்துல அமுக்கி வச்ச மாதிரி. ஒரு பெட்டிக்குள்ள துணிய திணிச்ச கதை தான். அந்த வயித்துக்குள்ள காஞ்ச பெல்லட் போய் ஊறி உப்புனா பக்கத்துல இருக்கிற, மீன் மிதக்க உதவுற காத்துப் பைய அழுத்தும், மீன் சாயும். உங்க பேர்ல்ஸ்கேல் இருக்கிற வகையிலயே ரொம்ப உருண்டை, அதான் முதல்ல அதுக்கு வருது. மேல வந்து கொத்தும்போது காத்தையும் சேத்து முழுங்குறதும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க, அது மட்டும்தான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா மூழ்குற பெல்லட்டுக்கு மாறினதும் என் ரியுகின் ரெண்டுக்கும் பாதி பிரச்சனை போயிடுச்சு.

நான் செய்யுறது இதுதான். மிதக்கிற டப்பாவத் தூக்கி எறியாதீங்க, அத காமெட்டுக்கு வச்சுக்கோங்க. முதல்ல டேங்கோட ஒரு ஓரத்துல மிதக்கிறத ஒரு பத்து பெல்லட் போடுங்க, ரெண்டும் அங்க ஓடும். அது அங்க பிசியா இருக்கிற நேரத்துல மறு ஓரத்துல மூழ்குற பெல்லட்ட விடுங்க. விடுறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணியவே ஒரு சின்ன கிண்ணத்துல எடுத்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஊற வைங்க, விரல்ல அமுக்கினா மெத்துனு இருக்கணும், அவ்வளவு போதும். மணிக்கணக்கா ஊற வச்சா வைட்டமின் எல்லாம் தண்ணியோட கரைஞ்சு போயிடும், அப்புறம் சக்கையத் தான் போடணும்.

பிளாக் மூர் டெலஸ்கோப் வகை, கண்ணு பெருசா துருத்திட்டு இருக்கு ஆனா பார்வை மோசம். பப்பிள் ஐ, செலஸ்டியல் ரெண்டும் அப்படித்தான், செலஸ்டியலுக்கு கண்ணே மேல வானத்தப் பாத்துட்டு இருக்கும், கீழ கிடக்கிறது எப்படித் தெரியும்? இதுங்க மோப்பத்த வச்சுத்தான் தேடும். அதனால ஒரு சின்ன பீங்கான் தட்டு, கூர் இல்லாம வழவழன்னு இருக்கிறதா பாத்து, ஒரு மூலையில கீழ வச்சுடுங்க, தினமும் அதே தட்டுல, அதே நேரத்துல போடுங்க. கல்லுக்குள்ள விழுந்த பெல்லட்ட அது தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அது அழுகிடும்.

வால்வீச்சு:

அட எதுக்கு பாஸ் இவ்வளவு ஆராய்ச்சி? ஊற வைக்கணுமாம், தட்டு வைக்கணுமாம், மாப்பிள்ளைக்கு விருந்தா வைக்கிறோம். என்கிட்ட இருந்த மீனுக்கு பிரெட்டு, பிஸ்கட்டு எல்லாம் போட்டிருக்கேன், நாலு வருஷம் நல்லா தான் இருந்துச்சு.

மீன்கிறுக்கன்:

நாலு வருஷம்னா அது பாதி வாழ்க்கை கூட இல்ல நண்பா. நல்லா பாத்துக்கிட்டா தங்கமீன் பத்து வருஷம், இருபது வருஷம் கூட இருக்கும். இங்கிலாந்துல டிஷ்னு ஒரு மீன் 43 வருஷம் வாழ்ந்து 1999ல தான் செத்துச்சு. பிரெட்டு தண்ணிய உறிஞ்சி வயித்துக்குள்ள பசை மாதிரி ஆகும், பிஸ்கட்டுல சர்க்கரையும் கொழுப்பும் தான் இருக்கு, அதுல அதுக்கு வேண்டிய புரதம் எங்க இருக்கு? செத்துப் போகலங்குறதும் நல்லா இருக்குங்குறதும் வேற வேற.

வால்வீச்சு:

சரி விடுங்க, நான் இப்ப கௌராமி மாதிரி வேற மீன் தான் வச்சிருக்கேன். 43 வருஷமா? அடப்பாவி, எனக்கே இன்னும் அந்த வயசு ஆகல.

தண்ணிடெஸ்ட்டு:

மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா நான் வேற ஒண்ணு கேக்குறேன். புதுத்தொட்டி, நீங்க தண்ணிய எப்ப டெஸ்ட் பண்ணீங்க? மீன் தலைகீழா நின்னா எல்லாரும் உடனே பட்டாணி பட்டாணின்னு கத்துறாங்க, பட்டாணி என்ன மந்திரமா? அது கொஞ்சம் நார்ச்சத்து, அவ்வளவு தான். வயித்துல ஏற்கனவே நெறைஞ்சு போயிருக்கிற மீனுக்கு பட்டாணியும் போட்டா அது இன்னும் ஒரு வாய் சாப்பாடு.

சாப்பிட்டதும் சாயுது, கொஞ்ச நேரத்துல நிமிருதுன்னா அது பெரும்பாலும் வயித்து விஷயம். சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் நாள் முழுக்க மிதக்குது இல்ல கீழயே படுத்துக் கிடக்குதுன்னா அது காத்துப் பையோட அமைப்பாவே இருக்கலாம். தங்கமீனுக்கு காத்துப் பை முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு ரெண்டு அறையா இருக்கும், உருண்டை வகைகள்ல பின்னறை சின்னதா சூம்பிப் போய் இருக்கிறது சகஜம், அத எந்தச் சாப்பாடும் சரி பண்ணாது. உங்களுக்கு முதல்ல கொஞ்ச நேரத்துல சரியானது இப்ப ரெண்டு மூணு மணி நேரம் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான் எனக்கு உதைக்குது. எட்டு மாசமா அதே பெல்லட், அதே மீன், போன வாரம் புதுசா என்ன மாறுச்சு?

அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமா இருக்கணும், நைட்ரேட் 40 ppmக்கு கீழ. அத மட்டும் பாத்துட்டு வந்து நம்பர எழுதுங்க. அதுவரைக்கும் எல்லா மீனுக்கும் ரெண்டு நாள் சோறு கட். பயப்படாதீங்க, சாகாது. பேர்ல்ஸ்கேல் இன்னொரு நாள் கூட தாங்கும். அப்புறம் ஆரம்பிக்கும்போது உறைய வச்ச டாஃப்னியா (தண்ணிப் பூச்சி மாதிரி குட்டி உயிரு) கிடைச்சா குடுங்க, அதோட ஓடு செரிக்காம குடல கூட்டித் தள்ளிட்டு வரும், பட்டாணிய விட எனக்கு அதுல தான் நம்பிக்கை.

இன்னொண்ணு, பேர்ல்ஸ்கேலுக்கு செதில் இயற்கையாவே நடுவுல முத்து மாதிரி புடைச்சுத் தான் இருக்கும். அதப் பாத்து ட்ராப்ஸி, அதாவது உடம்புல நீர் கோத்து வீங்குற நோய் வந்துடுச்சுன்னு மருந்து ஊத்தினவங்கள நான் பாத்திருக்கேன். மேல இருந்து பாக்கும்போது செதில் ஓரம் உடம்ப விட்டு விரிஞ்சு பைன் காய் மாதிரி நின்னா தான் கவலைப்படணும்.

புதுத்தொட்டி:

அண்ணா டெஸ்ட் கிட் வாங்கி இப்பதான் பாத்தேன். அம்மோனியா 0.5 ppm காட்டுது. கையெல்லாம் நடுங்கிடுச்சு.

அதவிட ஒரு கூத்து, நீங்க போன வாரம் என்ன மாறுச்சுன்னு கேட்டதும் வீட்ல விசாரிச்சேன். பையனுக்கு லீவு விட்டதுல இருந்து மத்தியானம் அவன் ஒரு தடவை போட்டிருக்கான், "அம்மா அது என்னையே பாத்துட்டு வாய வாய ஆட்டுச்சு" ங்குறான். மாமனார் காலையில நான் எழுந்துக்குறதுக்கு முன்னாடியே ஒரு சிட்டிகை போட்டுடுவாராம், அது எட்டு மாசமாவே நடக்குதாம், எனக்கு இன்னைக்குத் தான் தெரியும். அப்ப நான் ரெண்டு, அவர் ஒண்ணு, பையன் ஒண்ணு, இதுல பிளாக் மூருக்காக நான் பாவப்பட்டு போட்ட எக்ஸ்ட்ரா வேற. டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு யோசிச்சேனே தவிர யார்கிட்டயும் கேக்கல.

கல்ல கிளறிப் பாத்தா அடியில பழுப்பா பஞ்சு மாதிரி மூடின பெல்லட் கைநிறைய வந்துச்சு, நாத்தம் தாங்கல.

தண்ணிடெஸ்ட்டு:

கிடைச்சுதா! எனக்கும் இப்படித்தான், என் வீட்ல போட்டது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கல.

பதறாதீங்க. இன்னைக்கே பாதித் தண்ணி மாத்துங்க, குளோரின் எடுத்த தண்ணி, டேங்க் தண்ணி இருக்கிற அதே சூடு. கல்லுக்குள்ள சைஃபன் குழாய விட்டு அழுகினத உறிஞ்சுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாய்த் தண்ணியில கழுவிடாதீங்க, நல்ல பாக்டீரியா அதுல தான் இருக்கு, எடுத்த டேங்க் தண்ணியிலயே அலசுங்க. நாளைக்கு மறுபடி டெஸ்ட், கால்வாசியாவது மாத்துங்க, பூஜ்யம் வர்ற வரைக்கும். மீன் தின்ன புரதத்துல மிச்சம் அம்மோனியாவா பெரும்பாலும் செவுள் வழியாவே வெளிய வரும், தின்னாத பெல்லட் அழுகியும் அதே அம்மோனியா தான், ஆக நீங்க போட்டது வாய்க்குள்ள போனாலும் போகலைன்னாலும் கடைசியில தண்ணிக்குத் தான் வரும்.

வீட்டுக்கு ஒரு வழி சொல்றேன். மாத்திரை போட்டு வைக்கிற டப்பா இருக்குல்ல, நாளுக்கு ஒரு அறைன்னு, அதுல ஒரு வாரத்துக்கான பெல்லட்ட எண்ணிப் போட்டு டேங்க் பக்கத்துல வைங்க, பெரிய டப்பாவ ஒளிச்சு வச்சுடுங்க. அறை காலியா இருந்தா இன்னைக்கு யாரோ போட்டாச்சுன்னு அர்த்தம். மாமனாருக்கே காலை டியூட்டியக் குடுத்துடுங்க, அவருக்கும் சந்தோஷம்.

அளவுன்னா, வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில 1 சதவீதம் சுத்தி போதும். 50 கிராம் மீனுக்கு அரை கிராம் பெல்லட்டுங்க. சின்னத் தராசு இருந்தா ஒரு தடவை நிறுத்துப் பாருங்க, உள்ளங்கையில வச்சா இவ்வளவு தானான்னு இருக்கும், எனக்கே திக்குனு ஆச்சு. குஞ்சு மீனா இருந்தா வளர்றதுக்கு இன்னும் அதிகம் வேணும், அதையும் மூணு நாலு தடவையா பிரிச்சுப் போடணும்.

கொண்டைக்காரி:

இப்பதான் பாத்தேன் இந்தத் திரிய. நான் ரான்சு, லயன்ஹெட், ஒராண்டா தான் வளர்க்கிறேன், அதனால அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன். தலை மேல வர்ற சதைக் கொண்டை நல்லா வரணும்னு ப்ளட் வார்ம்ங்குற சிவப்புப் புழுவ அள்ளி அள்ளிப் போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். புரதம் 35, 40 சதவீதம் இருக்கிற பெல்லட்டே தாராளம், ப்ளட் வார்ம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் தின்பண்டம் மாதிரி. ஜீன்ல இல்லாத கொண்டை எதப் போட்டாலும் வராது, வயிறு தான் வரும். வளர்ற கொண்டை சில மீனுக்கு கண்ணையே மூடிடும், அப்ப அதையும் பிளாக் மூர் மாதிரி தட்டு வச்சு ஊட்டணும்.

உங்களுக்கு நான் சொல்றது ஜெல் சாப்பாடு. கடையில பவுடராவும் கிடைக்குது, வீட்லயும் செய்யலாம். தோல் உரிச்ச இறால் இல்லன்னா மீன் சதை, லேசா வேக வச்ச கீரை, தோல் எடுத்த பட்டாணி, கொஞ்சம் ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) பவுடர், உப்பு எண்ணெய் எதுவும் கூடாது, இத மையா அரைச்சு வச்சுக்கோங்க. கரைச்ச ஜெலட்டின சூடா அதுல ஊத்தி கலக்கி ஒரு தட்டுல மெல்லிசா பரப்பி ஃப்ரிட்ஜ்ல வச்சா கட்டியாயிடும். சின்னச் சின்ன சதுரமா வெட்டி உறைய வச்சுட்டா ஒரு மாசம் ஓடும். தினமும் ஒரு துண்டு எடுத்து, ஐஸ் விட்டதும் மீனோட கண்ணு அளவுக்குக் கிள்ளிப் போடுங்க. முதல் தடவை செஞ்சப்ப தண்ணி அதிகமாகி டேங்க்ல போட்டதும் பச்சைக் குழம்பா கரைஞ்சு ஃபில்டர் அடைச்சு அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கழுவினேன், அதனால ஒரு துண்ட முதல்ல ஒரு டம்ளர் தண்ணியில போட்டு பத்து நிமிஷம் கரையாம நிக்குதான்னு பாத்துட்டுப் போடுங்க. ஜெல்லுல தண்ணி ஏற்கனவே இருக்கிறதால வயித்துல போய் உப்பாது, உருண்டை மீனுக்கெல்லாம் அதான் வரம்.

கலர் பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன். ஆரஞ்சு சிவப்பு நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டு மீன் உடம்புல தானா உருவாகாது, சாப்பாட்டுல இருந்து தான் வரணும், ஸ்பைருலினாவும் இறாலும் அதுக்குத் தான். டேங்க்ல வெளிச்சமே இல்லன்னாலும் நிறம் மங்கும்.

அப்புறம் மனசுல வச்சுக்காதீங்க, அந்தக் காமெட் ரெண்டும் 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ற சாதி. இன்னும் ஒரு வருஷத்துல 200 லிட்டர் அதுங்களுக்கே பத்தாது, மெதுவா நீந்துறதுங்களோட போட்டி போட்டு இன்னும் மோசமாகும். பெரிய தொட்டி, இல்லன்னா குளம் வச்சிருக்கிற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. குளத்துக்குப் போனா ஒண்ணு ஞாபகம் வைக்கணும், தண்ணி 10 டிகிரிக்கு கீழ போயிட்டா சாப்பாடே போடக் கூடாது, 15 வரைக்கும் கோதுமை முளை சேர்த்த லேசான பெல்லட் கொஞ்சமா. குளிருல குடல் கிட்டத்தட்ட தூங்கிடும்.

புதுத்தொட்டி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. ரெண்டு நாள் பட்டினி போட்டதுல வீட்ல எனக்குத் தான் வில்லி பட்டம். ஆறாவது நாள் அம்மோனியா பூஜ்யம், அதுல இருந்து அப்படியே நிக்குது. மாத்திரை டப்பா ஐடியா சூப்பர், மாமனார் காலையில எண்ணி ஊற வச்சு போட்டுட்டு "இன்னைக்கு கறுப்பன் ஏழு சாப்பிட்டான்" னு ரிப்போர்ட் குடுக்குறார்.

கறுப்பன் தான் பிளாக் மூர். தட்டு வச்ச முதல் நாலு நாள் பக்கத்துலயே வரல, நான் தோத்துட்டேன்னு நினைச்சேன். அஞ்சாவது நாள் தட்டு மேல மூக்க வச்சு தடவிட்டே ஒரு சுத்து வந்து, ஒண்ணு வாயில மாட்டுச்சு, துப்பிச்சு, மறுபடி எடுத்து மென்னுச்சு. காதை கண்ணாடியில வச்சா கடக் கடக்னு தொண்டைப் பல்லு சத்தம் கேட்ட மாதிரியே எனக்கு இருந்துச்சு, வீட்டுக்காரர் சிரிக்கிறார். இப்பல்லாம் நான் மூடியத் தொறக்குறதுக்கு முன்னாடியே தட்டுக்கு வந்து உக்காந்துடுது.

பேர்ல்ஸ்கேலுக்கு ஜெல்லும் டாஃப்னியாவும் தான், வாரத்துல ஒரு நாள் எதுவும் இல்ல. சாயுறது நின்னுடுச்சுன்னு சொல்ல முடியாது, போன செவ்வாக்கிழமை கூட ஒரு இருபது நிமிஷம் வால தூக்கிட்டு நின்னுச்சு, ஆனா தலைகீழா போகல. காமெட்டுக்கு பெரிய தொட்டி வச்சிருக்கிற ஒருத்தர் கிடைச்சிருக்கார், அடுத்த மாசம் கொண்டு போறோம். பையன் இப்பவே மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்.

ஒரே ஒரு சந்தேகம், நாங்க எல்லாரும் ஒரு வாரம் வெளியூர் போறோம். கரைஞ்சு கரைஞ்சு சாப்பாடு விடுற கட்டி ஒண்ணு விக்குதே, அது போட்டுட்டு போகலாமா?

தண்ணிடெஸ்ட்டு:

ஐயோ வேண்டவே வேண்டாம், திரும்பி வந்து மறுபடி 0.5 பாக்கணுமா. பெரிய மீனுங்க ஒரு வாரம் சும்மா இருக்கும். போறதுக்கு முந்தின நாள் தண்ணி மாத்துங்க, ஃபில்டர் ஓடுதான்னு பாருங்க, லைட்ட அணைச்சுட்டுக் கிளம்புங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சாவி குடுத்தா பெல்லட் டப்பாவ கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.

கொண்டைக்காரி:

டப்பாவ மட்டும் இல்ல, மாமனாரையும் மறக்காம கூட்டிட்டுப் போங்க 😄